சூப் குடித்தவர்கள் சாகக் கூடாது

1.

இந்தக் கதை ஒரு வாக்கியத்தில் பிறந்தது. வாக்கியம் என்னுடையது அல்ல. மான்ட்ரியலில் நான் வேலை பார்க்கும் வீடியோ கேம் கம்பெனியின் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவன் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "இல்ல, அதுல அவங்க ரொம்பக் கறார். அவங்க சூப்பக் குடிச்சவங்க யாரும் சாகக் கூடாது."

அவன் சிரிக்கவில்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ரொலாந்த் இறந்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், பனி" — அடித்துவிட்டேன். கனடாவில் நடக்கும் தமிழ்க் கதையென்றால் முதல் வரிக்குள் பனி கொட்டியாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

இரண்டாம் தொடக்கம்: "விளம்பரம் என்பது நவீன முதலாளித்துவத்தின்" — வேண்டாம். வாக்கியம் முடிவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது தொடக்கம் கிடைக்கவில்லை. அதனால் இப்படியே போகிறேன். (அந்தச் சூப் கம்பெனியின் பெயரை எங்கும் எழுத மாட்டேன். எழுதினால் இதுவும் விளம்பரம். எனக்கு அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.)

2.

ஓடில் எங்கள் கம்பெனியின் எழுத்தாளர். வருடக்கணக்கில் துப்பாக்கிக் கேம்களுக்கு "குனி", "ஓடு", "குண்டு தீர்ந்துபோச்சு" என்று வசனம் எழுதிக் கை தேய்ந்தவள். அதன் பிறகுதான் சொந்தமாக ஒன்று செய்ய விட்டார்கள். அவளுடைய கேமில் துப்பாக்கி இல்லை. மான்ட்ரியலின் வெர்டன் பேட்டையில், இரண்டாம் மாடி வீட்டில், ஒரு அம்மா நுரையீரல் சுருங்கிச் செத்துக்கொண்டிருக்கிறாள். மகள் ஒரு குளிர்காலம் முழுக்க அவளைப் பார்க்க வருகிறாள். ஆடுகிறவர்தான் மகள். நீங்கள் அம்மாவுக்கு நகம் வெட்ட வேண்டும், ஆக்சிஜன் குழாயைச் சிக்கெடுக்க வேண்டும், அடுப்பில் பார்லி சூப்பைச் சுடவைத்துக் கொடுக்க வேண்டும், அவளிடம் திட்டு வாங்க வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம், பாதிச் சூப்பில், அம்மா இறந்துபோவாள். அதற்குப் பிறகு ஆடுகிறவர் செய்வதற்கு ஒன்றுதான் இருக்கும்: எழுந்து போய் அடுப்பை அணைப்பது. கேம் அவ்வளவுதான்.

என் தொழில் கேமில் பிழை கண்டுபிடிப்பது. சுவரில் முட்டுவேன், ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்ப்பேன், கரண்டியைத் தூக்கி எறிவேன், எங்கே உடைகிறதோ அதை எழுதிக் கொடுப்பேன். ஓடிலின் கேமில் நான் முதல் தடவை அடுப்பை அணைத்தபோது உடைந்தது கேம் இல்லை. அதைப் பிழை என்று எழுத முடியவில்லை.

காரணம் குரல். கேம் கட்டும்போது நடிகர்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அதுவரை ஆபீஸில் யார் கைக்குக் கிடைக்கிறார்களோ அவர்கள் தற்காலிகமாகப் பேசிக் கொடுப்போம். நானே ஒரு பிஷப்புக்கும் பல சாகும் சிப்பாய்களுக்கும் குரல் கொடுத்திருக்கிறேன். ஓடில் அம்மா பாத்திரத்துக்கு ஆபீஸில் யாரையும் தேடவில்லை. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வெர்டனுக்கே, தன் சொந்த அம்மா ரொலாந்திடம் போய்விட்டாள். அதே நோய், அதே சமையலறை, அதே குழாய்.

ரொலாந்த் காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அந்தத் தொண்டையால் பின் சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை முன் சீட்டிலிருந்தே அடக்கியவள். எழுதிக் கொடுத்த வசனத்தை ஒரு தடவைகூட எழுதியபடி அவள் படிக்கவில்லை.

"'மகளே, வெளிச்சம் மங்குகிறது'ன்னு எழுதியிருக்க. யாருடீ இப்படிப் பேசுவா? லைட்டப் போடுன்னு சொல்லுவேன்."

ஓடில் அப்படியே மாற்றி எழுதிக்கொண்டாள். அந்த ஊரில் கோபம் வந்தால் யாரும் அப்பன் ஆத்தாளை இழுப்பதில்லை. மாதா கோயில் பூசைப் பாத்திரங்களை இழுப்பார்கள், அங்கே அதுதான் கெட்ட வார்த்தை. கிழவி ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு கிண்ணத்தையோ நற்கருணைப் பேழையையோ போட்டு உடைத்தாள். அதெல்லாம் கேமில் அப்படியே ஏறியது. எந்த நடிகையாலும் அப்படித் திட்ட முடியாது என்பது தெரிந்ததும், தற்காலிகக் குரல் நிரந்தரக் குரலானது.

சாகும் காட்சியைப் பதிவு செய்யப் போன அன்று ஓடில் ரொம்ப நேரம் ரெக்கார்டரையே துடைத்துக்கொண்டிருந்தாளாம். அம்மாதான் ஆரம்பித்தாள்.

"என்னக் கொல்லப் போற, அவ்ளோதானே. கொல்லு. நல்லபடியா கொல்லு. வயலின் கியலின் வாசிச்சுக் கெடுத்துடாத."

கடைசி வசனம் "சூடா இல்லடீ." சூப்பைப் பற்றி. அதற்கப்புறம் கொஞ்சம் மூச்சு, அப்புறம் ஒன்றுமில்லை. ரொலாந்த் அதைப் பேசிவிட்டு, போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ம். இப்படிப் போனா பரவால்ல" என்றாள். டாக்டர்கள் வார்த்தையை மென்று முழுங்கினார்கள், சொந்தக்காரர்கள் கோடையில் ஏரிக்கரைக்குப் போவதைப் பற்றியே பேசினார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே சாவைப் பற்றி நடந்த ஒரே நேர்மையான பேச்சு அந்தப் பதிவுதான். இந்தக் கதையில் பறிபோகப் போவதும் அதுதான். இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை மறைத்துவைத்து உங்களைப் பயமுறுத்தும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை.

3.

எர்வே உள்ளே வருகிறான். மைக்ரோவேவ் முன்னால் போனில் பேசியவன். கேம்களுக்குள் விளம்பரம் பிடித்துத் தருவது அவன் வேலை. கார் கேமில் ஓரத்தில் நிற்கும் பலகை, கால்பந்து கேமில் சட்டையில் இருக்கும் பெயர், நீங்கள் சுடும் ஆள் குடித்துக்கொண்டிருக்கும் பானம், எல்லாம் அவன் கைவண்ணம்.

முதல் பிரதியில் எர்வேக்கு ஒரு தங்கச் சங்கிலியும் சென்ட் வாசனையும் கொடுத்திருந்தேன். [நீக்கியது: "அவனுடைய பற்கள் விளம்பரப் பலகையைப் போல"] ஆனால் நிஜ எர்வே அப்படி இல்லை. சைக்கிளில் வருகிறவன், அழுக்கு ஸ்வெட்டர் போடுகிறவன். ஓடிலின் கேமை ஆடிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதவன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். கெட்டவனாக இருந்திருந்தால் கதை எழுத எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

கேமுக்கான பணம் தீர்ந்துகொண்டிருந்தது. சாவுக் கேமுக்கு யார் முதல் போடுவார்கள்? எர்வே அலைந்து திரிந்து ஒரு சூப் கம்பெனியைப் பிடித்து வந்தான். கேமில் அம்மா தினமும் சூப் குடிக்கிறாள் இல்லையா, அது அவர்கள் டப்பா சூப்பாக இருக்கட்டும், மீதிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஓடில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். பிறகு விதிகள் வந்தன. டப்பாவின் முகம் எப்போதும் ஆடுகிறவரைப் பார்க்க வேண்டும். டப்பா நசுங்கக் கூடாது. அதைத் தூக்கி எறிய முடியக் கூடாது. பக்கத்தில் கெட்ட வார்த்தை கூடாது. கடைசியாக, சூப் குடித்த கதாபாத்திரம் அதே அத்தியாயத்துக்குள் இறக்கக் கூடாது.

ஓடில் சூப்புக்கும் சாவுக்கும் நடுவில் அத்தியாயத்தைப் பிரித்துவிடலாம் என்றாள். எர்வே தலையைச் சொறிந்தான்.

"உன் கேம் முழுக்க ஒரே அத்தியாயம், ஓடில். நடுவுல வெட்டினா மூச்சு அறுந்துடும்னு எல்லார்கிட்டயும் நீதான சண்டை போட்ட."

உண்மைதான். எங்கேயும் நிறுத்த முடியாத கேம் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். இப்போது பிரிப்பதென்றால் அடித்தளத்திலிருந்து திரும்பக் கட்ட வேண்டும். இருக்கிற பணம் அதற்குக் காணாது.

"அப்ப சூப்ப எடுத்துடு."

"சூப்ப எடுத்தா காசையும் எடுத்துடுவாங்க. இங்க எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." எர்வே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "அவ சாகணும்னு என்ன கட்டாயம்? ஃப்ளோரிடாவுக்குப் போகட்டுமே. எங்க பெரியம்மாகூடக் குளிர்காலம் ஆனா அங்கதான் போறாங்க. மகள் வந்து பாக்கறா, வீடு காலி. அப்புறம் போன் வருது. அழகா இருக்கும்."

அவனை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது என்று ஓடில் பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஆனால் அவன் நிஜமாகவே உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவனை எங்கே அடிப்பது?

4.

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீங்கள் கையில் வைத்திருப்பது தீபாவளி மலர். இந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு காபித்தூள் விளம்பரம் இருக்கும், பாருங்கள். ஆசிரியர் நல்ல மனிதர், என் கதைகளைப் பல வருடமாகப் போடுகிறவர். போன வாரம் கூப்பிட்டார்.

"கதை பிரமாதம் சார். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்ணு அங்கங்க ஒரு காபி குடிச்சா நல்லாருக்கும். பேரு வேணாம். சும்மா காபி."

மான்ட்ரியலில் எல்லாரும் காபிதான் குடிக்கிறார்கள். ஓடில் எந்நேரமும் குடிக்கிறாள். அதனாலேயே இதுவரை அவள் ஒரு வாய்கூடக் குடிக்காமல் பார்த்துக்கொண்டேன். நிஜத்தை எழுதினால் விளம்பரமாகிவிடுகிறது, விளம்பரத்தைத் தவிர்த்தால் பொய்யாகிவிடுகிறது.

ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். "அப்புறம், அந்த அம்மா சாவு. நல்ல நாளும் அதுவுமா வேணாமேன்னு ஸ்பான்ஸர் தரப்புல ஃபீல் பண்றாங்க. கொஞ்சம் மங்களகரமா முடிச்சுடுங்களேன்."

நான் போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

5.

ஓடில் வெர்டனுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரொலாந்த் மேசையில் உட்கார்ந்து சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள், மூக்கில் குழாய். ஓடில் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். உன் சூப்பை, எங்களுக்கு நீ வைத்துக் கொடுத்த சூப்பை, நான் ஸ்கூல் விட்டு வந்ததும் மணக்குமே அந்தச் சூப்பைக் கொண்டுபோய் டப்பாவில் அடைத்து விற்கப் பார்க்கிறார்கள் என்று குமுறினாள். கம்பெனி பெயரையும் சொன்னாள்.

கிழவிக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தால் இருமல் வரும், இருமல் வந்தால் ஓடிலுக்கு உயிர் போகும். இருமி ஓய்ந்ததும் அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியைக் கைகாட்டினாள்.

"பின்னாடி. மாவு டப்பாவுக்குப் பின்னாடி பாரு."

வரிசையாக இருந்தன. அதே கம்பெனி, அதே பார்லி சூப்.

"காலையில ஒரு ட்ரிப்பு, சாயந்திரம் ஒரு ட்ரிப்பு. நடுவுல பார்லி ஊற வெச்சு எலும்பு வேக வெக்க நான் என்ன சர்க்கஸ்காரியா? தொறந்து ஊத்தி ரெண்டு காரட்ட நறுக்கிப் போடுவேன். உங்க பாட்டிக்குத் தெரிஞ்சா ஊரக் கூட்டிடுவா. அதான் காலி டப்பாவ பஸ்ஸுலயே கொண்டுபோயி டிப்போ குப்பையில போட்டுடுவேன்."

(இங்கே நான் பேனாவைக் கீழே வைத்தேன். அந்தச் சமையலறையில் வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியாமலா இருக்கும்? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஓடிலிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, "தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்திருப்பேன்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன எழுத?)

ஓடில் கையில் ஒரு டப்பாவோடு நின்றாள். கேம் முழுக்க அவள் கட்டியிருந்தது அந்த மணத்தின் மேல். கூட்டத்தில் மேசையைத் தட்டி, இது எங்கள் வீட்டுச் சூப், டப்பா பொய் என்று வாதாடியவள் அவள். இப்போது பார்த்தால் எர்வேயின் டப்பாதான் நிஜம், அவளுடைய கலைதான் ஜோடனை.

அப்போதுதான் வேறு வழியில்லாமல் ஃப்ளோரிடாவைப் பற்றிச் சொன்னாள். நீ கேமில் சாக மாட்டாய், ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவாய் என்றாள். சீட்டை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"டப்பா இருக்கட்டும்டீ. டப்பா நெசம். என் மூஞ்சியத் திருப்பி வெச்சுக்கூட லேபிளக் காட்டிக்கட்டும், எனக்கென்ன. ஃப்ளோரிடா என்ன எழவுக்கு? நான் அந்தப் பக்கம் போனதே கிடையாது. நான் சாகறத நான் பேசிக் குடுத்திருக்கேன். அத எடுத்துட்டு என்ன மணல்ல உக்கார வெப்பியா?" பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக: "அத மட்டும் விட்டுக் குடுக்காத, ஓடில்."

எந்தப் பூசைப் பாத்திரத்தையும் இழுக்காமல் ரொலாந்த் பேசிய ஒரே பேச்சு அதுதான் என்று ஓடில் சொன்னாள்.

6.

இங்கிருந்து கதை மூன்று பக்கம் போகலாம்.

அ) ஓடில் முடியாது என்கிறாள். சூப் கம்பெனி விலகுகிறது, எங்கள் கம்பெனி இழுத்து மூடப்படுகிறது, கேம் வெளிவருவதில்லை. சாவு காப்பாற்றப்பட்டுவிட்டது, யாரும் பார்க்காத ஒரு கம்ப்யூட்டரில். இந்த முடிவைப் படித்து நீங்கள் கைதட்டுவீர்கள். உங்களுக்கு வேலை போகவில்லை.

ஆ) சூப் கம்பெனியின் உச்சியில் இருக்கும் பெரியவர் கேமை ஆடிப் பார்த்து, தன் தாயை நினைத்துக் கண்கலங்கி, விதியை ரத்து செய்கிறார். இதை ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். "அந்த முதியவரின் கண்களில்" — என் கையே கூசியது.

இ) நடந்தது.

நடந்தது இதுதான். ஓடில் சண்டை போட்டாள், எழுதிக் கொடுத்தாள், கெஞ்சினாள். அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவள் பக்கம் என்றார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. (நானும் அந்த அறையில் இருந்தேன்.) கடைசியில் ஃப்ளோரிடா வசனங்களை ரொலாந்திடம் கொண்டுபோனார்கள். அவள் பேச மறுத்தாள். அதனாலென்ன, மணிக்கணக்கில் அவள் குரல் பதிவாகியிருக்கிறது, அதை மெஷினுக்குக் கொடுத்தால் அது பேசிவிடும் என்றார்கள். குரலை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வாங்கிக் கொடுத்தவள் ஓடில். எல்லாரிடமும் வாங்குவதுதான் அது, வாசித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் யாருக்கும் இல்லை.

மெஷின் பேசியது. மகள் காலி வீட்டுக்கு வருகிறாள், போன் அடிக்கிறது, எடுத்தால் ரொலாந்தின் குரல்: இங்கே வெயில் நன்றாக இருக்கிறது, கடல் நன்றாக இருக்கிறது, நீ சூப் குடித்தாயா? அந்தக் குரல் திட்டுவதில்லை. டப்பா பக்கத்தில் கெட்ட வார்த்தை கூடாது என்பது விதி. "சூடா இல்லடீ" பதிவையும் அதற்கப்புறமான மூச்சையும் கேமிலிருந்து நீக்கி, கம்பெனியின் சொத்து என்று பூட்டிவைத்துவிட்டார்கள். ஓடில் ஒரு பிரதி கேட்டாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது.

7.

கேம் வெளிவந்தது. நன்றாக விற்றது. மனதுக்கு இதமாக இருக்கிறது என்று எழுதினார்கள்.

அடுத்த பகுதியில் ரொலாந்த் இறக்கிறாள். கேமில் அல்ல, வெர்டனில். ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்: காபி வேண்டுமானால் நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள், எட்டாம் பகுதியில் கைவைக்காதீர்கள். அப்படியே வெட்டியாக வேண்டுமென்றால் எட்டு என்ற எண்ணையாவது விட்டுவையுங்கள்.

8.

(இடநெருக்கடி காரணமாக இப்பகுதி நீக்கப்பட்டுள்ளது. வாசகர்கள் அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள். — ஆசிரியர்)

9.

எட்டாம் பகுதி உங்கள் பிரதியில் இருந்தால் அவள் எப்படிப் போனாள் என்று உங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால், உங்களைப் பொறுத்தவரை, அவள் இன்னும் ஃப்ளோரிடாவில்தான் இருக்கிறாள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய ஓடில் ஒரு மத்தியானம் நாங்கள் பிழை தேடும் அறைக்கு வந்தாள். என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கேமை ஆரம்பித்தாள். முழுதாக ஆடினாள், எதையும் தாண்டவில்லை. நகம் வெட்டினாள், குழாயைச் சிக்கெடுத்தாள். வீடு காலியானது. போன் அடிக்க ஆரம்பித்தது.

அவள் எடுக்கவில்லை.

"எடுக்கலைன்னா என்னாகும்?"

அடித்துக்கொண்டே இருக்கும் என்றேன். எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தாகிவிட்டது, போனை எடுத்துச் சூப்பைப் பற்றிக் கேட்டு முடிக்காமல் அந்தச் சமையலறைக் கதவு திறக்காது, டப்பாக்காரர்கள் அப்படித்தான் கேட்டிருந்தார்கள் என்றேன்.

"எங்கம்மா செத்துட்டா. செத்தவ போன் பண்றா. இது பிழைதானே? எழுதிக் குடேன்."

எழுதினேன். மற்றப் பிழைகளை எழுதுவதுபோலவே எழுதினேன். எந்த இடம்: சமையலறை. என்ன நடக்க வேண்டும்: அம்மா இறந்திருக்க வேண்டும். என்ன நடக்கிறது: போன் அடிக்கிறது. நாங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே மேல்மாடியிலிருந்து பதில் வந்துவிட்டது. பிழை இல்லை என்றால் எங்கள் தொழிலில் வழக்கமாக எழுதும் ஒரு வரி உண்டு. அதைத்தான் எழுதி மூடியிருந்தார்கள்: வடிவமைத்தபடியே இயங்குகிறது.

ஓடில் அதைப் படித்தாள். கேமை அணைத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அம்மாவின் குரல் அவளுக்குக் கிடைக்கக்கூடிய இடம் இப்போது அது ஒன்றுதான். ஆனால் எடுத்தால் அது வெயிலைப் பற்றிப் பேசும். கேமை இயக்கும் கைக்கருவியை என் மடியில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

எடுத்தாள் என்று எழுதினால் சூப் கம்பெனி சந்தோஷப்படும். எடுக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். இரண்டு பேரையும் சந்தோஷப்படுத்த எனக்கு மனசில்லை. என் விரலும் நகரவில்லை. கருவியை உங்களிடம் தருகிறேன். போன் அடித்துக்கொண்டிருக்கிறது, அவள் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.